நூற்றுக்கு மூன்றே முக்கால் வட்டி: கிரெடிட் கார்டுக் கடனில் பேரத்துக்கு இடம் எங்கே?

"என்ன வட்டி?" என்று கேட்டால் நம் ஊரில் மாதக் கணக்கில்தான் பதில் வரும். ஒரு வட்டி, இரண்டு வட்டி, மூன்று வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதே அதன் பொருள். அந்தக் கணக்கில் இந்தியாவின் பெரிய கிரெடிட் கார்டு நிறுவனங்கள் பலவும் இன்று வாங்குவது மூன்றே முக்கால் வட்டி, அதாவது ஆண்டுக்கு 45 சதவீதம். எஸ்பிஐ கார்டு 2024 நவம்பர் 1 முதல் பெரும்பாலான கார்டுகளுக்கு 3.50 சதவீதமாக இருந்ததை 3.75 ஆக்கியது. அதே ஆண்டு டிசம்பர் 20 முதல் ஆக்சிஸ் வங்கி 3.60இலிருந்து 3.75க்கு ஏறியது. எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ வங்கிகளின் பெரும்பாலான கார்டுகளும் இதே விகிதத்தில்தான் இருக்கின்றன.

விகிதத்தோடு கணக்கு முடிவதில்லை. வீட்டுக் கடன், தனிநபர் கடன், நகைக் கடன் ஆகியவற்றின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வட்டிக்கு விலக்கு தரும் 2017ஆம் ஆண்டின் அறிவிக்கையே கிரெடிட் கார்டு வட்டியை வெளிப்படையாக ஒதுக்கிவைத்திருக்கிறது. எனவே 3.75 மேல் 18 சதவீத வரி சேர்ந்து மாதம் 4.425 ஆகிறது. ஆண்டுக்கு 53.1 சதவீதம், அதுவும் வட்டிக்கு வட்டியைச் சேர்க்காமல்.

இந்த விகிதத்தைக் குறைக்கச் சொல்லிக் கடனாளி பேரம் பேச முடியுமா? இந்தக் கேள்வி இந்தியாவில் பதினாறு ஆண்டுகள் நீதிமன்றத்தில் நின்றது. அந்த வழக்கைப் பார்த்துவிட்டு, அது மூடிய கதவு எது, மூடாமல் விட்ட கதவு எது என்று பிரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வு.

ஆவாஸ் வழக்கு: 2008 முதல் 2024 வரை

ஆவாஸ் என்ற அமைப்பும் வேறு சிலரும் தேசிய நுகர்வோர் ஆணையத்தின் முன் வைத்த புகார் எளிமையானது. வங்கிகள் கார்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 36 முதல் 49 சதவீதம் வரை வட்டி வாங்குகின்றன. இது நியாயமற்ற வணிக நடைமுறை. 2008 ஜூலை 7 அன்று ஆணையம் புகாரை ஏற்றது. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்றது. அபராத வட்டியை ஒரு தவணைத் தவறுக்கு ஒருமுறை மட்டுமே விதிக்கலாம், அதை அசலோடு சேர்க்கக் கூடாது என்றது. மாதாமாதம் வட்டியை அசலில் ஏற்றிக் கணக்கிடுவதும் தவறு என்றது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 9.99 முதல் 17.99 வரை, ஆஸ்திரேலியாவில் 18 முதல் 24 வரை என்று வெளிநாட்டு விகிதங்களையும் அருகே வைத்துப் பார்த்தது.

எச்எஸ்பிசி, சிட்டிபேங்க், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆகியவை உச்ச நீதிமன்றம் போயின. 2009இல் இடைக்காலத் தடை கிடைத்தது. 30 சதவீத உச்சவரம்பு காகிதத்தில் இருந்ததே தவிர, பில்லில் ஒருநாளும் நிலைத்து நிற்கவில்லை. "முப்பதுக்கு மேல் வாங்கினால் சட்டவிரோதம்" என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்த 2008 உத்தரவின் மிச்சம்தான். அதை நம்பி வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பினால் வழக்கறிஞர் கட்டணம் மட்டும்தான் செலவாகும்.

2024 டிசம்பர் 20 அன்று நீதிபதிகள் பேலா எம். திரிவேதி, சதீஷ் சந்திர சர்மா அமர்வு ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது. தீர்ப்பு மூன்று கால்களில் நிற்கிறது. முதலாவது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் நிபந்தனையைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. வட்டி விகிதம் வங்கிகளின் நிதி அறிவுக்கும் ரிசர்வ் வங்கியின் உத்தரவுகளுக்கும் உட்பட்ட விஷயம். இரண்டாவது, கார்டு தரும் முன்பே நிபந்தனைகள் தெரிவிக்கப்பட்டிருக்கின்றன. வங்கிகள் ஏமாற்றியதாகவோ பொய் சொன்னதாகவோ எதுவும் இல்லை. எந்த வங்கியும் தன் நெறிமுறையை மீறியதாக ரிசர்வ் வங்கியும் சொல்லவில்லை. மூன்றாவது கால்தான் எல்லாவற்றிலும் கனமானது: வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு.

1984இல் நடைமுறைக்கு வந்த இந்தப் பிரிவைக் கடனாளிகள் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. 1918ஆம் ஆண்டின் அதீத வட்டிக் கடன் சட்டத்திலும், எந்த மாநிலத்தின் கடன் நிவாரணச் சட்டத்திலும் என்ன எழுதியிருந்தாலும் சரி, வங்கிக்கும் கடனாளிக்கும் இடையிலான கணக்கை "வட்டி அதிகம்" என்ற காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் மறுபடி திறக்கக் கூடாது. இதுதான் அதன் சாரம். தமிழ்நாட்டில் அடிக்கடி எழும் இன்னொரு கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் கார்டு வட்டியைக் கொண்டுவர முடியுமா? முடியாது. தெருவில் மூன்று வட்டிக்கு விடுபவர் மீது பாயும் சட்டம் மூன்றே முக்கால் வட்டி வாங்கும் வங்கியைத் தொடாது. கேட்கக் கசப்பாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எஸ்பிஐ கார்டு வங்கி இல்லையே, வங்கியல்லாத நிதி நிறுவனம்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேரள, குஜராத் சட்டங்கள் தொடர்பான நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது: ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களுக்கு மாநில வட்டித் தொழில் சட்டங்கள் பொருந்தாது.

2019ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்ற பிரிவு இருக்கிறது. ஆவாஸ் வழக்கு பழைய 1986 சட்டத்தின் கீழ் நடந்தது. புதிய சட்டத்தின் அந்தப் பிரிவை வைத்து வாதாடிப் பார்க்கலாம் என்பவர்கள் உண்டு. 21ஏ அப்படியே இருக்கும்வரை, விகிதத்தை மட்டும் எதிர்த்து இந்த வழியில் போகும்படி கடனில் இருக்கும் ஒருவருக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குவதில்லை

2025 பிப்ரவரி முதல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனின் வட்டியை) குறைக்கத் தொடங்கியபோது வீட்டுக் கடன் வட்டி இறங்கியது. வங்கிகளின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். கார்டு வட்டிக்கு அப்படி எந்தக் கயிறும் இல்லை. விகிதத்தை வைப்பது நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்ற கொள்கை. "ரெப்போ குறைந்ததே, என் கார்டு வட்டியையும் குறையுங்கள்" என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான்.

ஏற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கார்டு நிலுவைக்கான இடர் எடையை (கடனுக்கு எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் அளவை) 125 சதவீதத்திலிருந்து 150 ஆக்கியது. வங்கியல்லாத நிறுவனங்களுக்கு 100லிருந்து 125. நூறு ரூபாய் கார்டுக் கடன் கொடுத்தால், 9 சதவீதக் குறைந்தபட்ச விகிதப்படி, முன்பு ரூ.11.25 மூலதனம் ஒதுக்க வேண்டியிருந்தது, இப்போது ரூ.13.50. அடமானமில்லாத கடனில் வாராக்கடன் ஏறியதும் சேர்ந்துகொண்டது. இந்தச் செலவை முழுத்தொகையும் கட்டுபவரிடம் வாங்க முடியாது, அவர் வட்டியே கட்டுவதில்லை. பாக்கியை உருட்டிக்கொண்டே போகிறவர் தலையில்தான் அது விழுகிறது.

அறுபதாயிரம் ரூபாய் பில், ஒரு மினிமம் டியூ

பேரத்துக்குப் போகும் முன் தன் பில்லைத் தானே கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். பில் தேதி ஒவ்வொரு மாதமும் 10, கட்டக் கடைசி நாள் 28, வட்டி மாதம் 3.75 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15 அன்று ரூ.60,000க்கு ஒரு ஃபிரிட்ஜ். ஜூலை 10 பில்லில் மொத்தப் பாக்கி ரூ.60,000, மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை) 5 சதவீதம், ரூ.3,000. கார்டுதாரர் ஜூலை 28 அன்று அந்த மூவாயிரத்தைக் கட்டுகிறார். தாமதக் கட்டணம் இல்லை, சிபில் கடன் அறிக்கையில் கரும்புள்ளி இல்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

ஆகஸ்ட் 10 பில் வருகிறது. முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்தாகி, ஜூன் 15லிருந்தே வட்டி ஓடியிருக்கும். ஜூன் 15 முதல் ஜூலை 27 வரை 43 நாளுக்கு 60,000 மேல் ரூ.3,181. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 14 நாளுக்கு 57,000 மேல் ரூ.984. மொத்த வட்டி ரூ.4,165, ஜிஎஸ்டி ரூ.750. ஆக ரூ.4,914 (பைசாவை முழு ரூபாயாக்கியதில் ஒரு ரூபாய் முன்பின் வரும்). மூவாயிரம் கட்டிய பிறகும் பாக்கி ரூ.61,914. கடன் குறையவில்லை, கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஏறியிருக்கிறது.

அடுத்த மினிமம் டியூ வெறும் 5 சதவீதமாக இருக்காது. மினிமம் கட்டியும் கடன் வளர்ந்துகொண்டே போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 நெறிமுறைகளில் சொல்லியிருக்கிறது. அதனால் பல நிறுவனங்கள் வட்டியையும் வரியையும் முழுதாகச் சேர்த்து, அதன்மேல் அசலில் ஒரு பங்கைக் கேட்கின்றன. நம் கணக்கில் 4,914 + 2,850 = ரூ.7,764. "போன மாதம் மூவாயிரம், இந்த மாதம் ஏழாயிரத்து எழுநூறா?" என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போகும் இடம் இதுதான். அது வங்கியின் பிழை இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாக்கி உருண்டுகொண்டிருக்கும் கார்டில் புதிதாக மளிகைக்கு இரண்டாயிரம் தேய்த்தால், அதற்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி. பாக்கியைத் தீர்க்கும்வரை அந்தக் கார்டைப் பெட்டியில் பூட்டி, மளிகைக்கு யுபிஐயோ ரொக்கமோ வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. மின்கட்டணம், ஓடிடி சந்தா போன்று அந்தக் கார்டில் தானாகப் போகும் கட்டணங்களையும் நிறுத்த வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

போனில் கேட்டால் என்ன நடக்கும்

"வங்கிக்குப் போன் போட்டு வட்டியைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்ற ஆலோசனை அமெரிக்கக் காணொளிகளிலிருந்து இங்கே வந்தது. அங்கே கிரெடிட் ஸ்கோரைப் பார்த்து ஆளுக்கு ஒரு விகிதம் வைக்கிறார்கள், அதனால் கேட்கவும் இடமிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே விகிதம் ஏற 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொதுவாகப் பழைய பாக்கிக்குப் பழைய விகிதமே தொடரும். இங்கே பெரும்பாலான நிறுவனங்களில் விகிதம் கார்டின் வகைக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் போன்ற ஒரு சில வங்கிகள் மட்டுமே ஆளுக்கு ஆள் மாறும் விகிதம் என்று அறிவித்தே கார்டு தருகின்றன. மற்ற இடங்களில் போனை எடுப்பவரின் திரையில் விகிதத்தை மாற்றும் பொத்தானே கிடையாது. கட்டண மாற்றத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும், பிடிக்காவிட்டால் பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடும் கட்டணம் இல்லாமல் கார்டை ஒப்படைக்கலாம் என்பதே இங்குள்ள உரிமை. பாக்கியோடு இருப்பவருக்கு அது அவ்வளவாக உதவாது.

ஆனால் அந்தத் திரையில் வேறு சில இருக்கும். ஒருமுறை தாமதக் கட்டணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம், ஆண்டுக் கட்டணத் தள்ளுபடி, முக்கியமாக, பாக்கியை இஎம்ஐயாக மாற்றும் சலுகை. பேரத்தை அங்கே வைக்க வேண்டும். 3.75ஐக் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் வாதாடுவதைவிட, "என் மொத்தப் பாக்கியை இஎம்ஐ ஆக்கினால் என்ன வட்டி, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, இடையில் மூடினால் எவ்வளவு?" என்று மூன்று கேள்வி கேட்பது மேல். முதலில் சொல்லும் விகிதம் கடைசி விகிதமாக இருக்க வேண்டியதில்லை. அதே கேள்வியை வங்கியின் ஆப்பிலும் பாருங்கள். இரண்டிலும் வேறு வேறு விகிதம் காட்டுவது உண்டு. இன்னொரு வங்கி பேலன்ஸ் டிரான்ஸ்ஃபருக்கோ (பாக்கியைத் தன் கார்டுக்கு மாற்றிக்கொள்வதற்கோ) தனிநபர் கடனுக்கோ அனுப்பிய சலுகை கையில் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பாக்கி வேறிடம் போய்விடும் என்பது மட்டுமே கார்டு நிறுவனத்துக்கு உறைக்கும் காரணம்.

கணக்கு இது. அதே ரூ.60,000ஐ ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 12 மாத இஎம்ஐ ஆக்கினால் மாதம் சுமார் ரூ.5,444. முழு ஆண்டுக்கும் வட்டி ரூ.5,326, அதன்மேல் ஜிஎஸ்டி ரூ.959 (கார்டு இஎம்ஐக்கும் இந்த வரி உண்டு), ஒரு சதவீத பிராசஸிங் கட்டணம் வரியோடு ரூ.708. ஆகமொத்தம் ஏறத்தாழ ரூ.6,990. மேலே 57 நாளுக்கு மட்டும் ரூ.4,914 போனதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14 சதவீதத்தில் தனிநபர் கடன் எடுத்துப் பாக்கியை அடைத்தால் வட்டி ரூ.4,646, இரண்டு சதவீத பிராசஸிங் கட்டணம் வரியோடு ரூ.1,416, மொத்தம் சுமார் ரூ.6,060. விகிதம் குறைவு, வட்டிக்கு ஜிஎஸ்டியும் இல்லை என்பதால் கட்டணம் அதிகமாக இருந்தும் இது மலிவாகிறது. வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக் கடனும், வைப்பு நிதி இருந்தால் அதன்மேல் கடனும் இதைவிடக் கீழே நிற்கும். கார்டு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது நகையை வீட்டில் வைத்துக் காப்பது கௌரவத்துக்குக் கட்டும் வட்டி. ஆனால் நகைக் கடனை ஓராண்டில் மீட்கும் வருமானம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இஎம்ஐ மாற்றத்தில் தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடைசித் தேதிக்குப் பிறகு கேட்டால் அதுவரை ஓடிய வட்டி தனியாக பில்லில் வரும். பில் வந்தவுடன் கேட்டுவிட வேண்டும். நகைக் கடை, பெட்ரோல், ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம் ஆகியவற்றைப் பல நிறுவனங்கள் இஎம்ஐக்கு ஏற்பதில்லை, அந்தப் பகுதி 3.75இலேயே நிற்கும். அதைத் தனியாக அடைக்காமல் "எல்லாம் இஎம்ஐ ஆகிவிட்டது" என்று இருந்தால் வட்டி மறுபடி ஓடும். மாதாந்தர இஎம்ஐ அடுத்த பில்லின் மினிமம் டியூவில் முழுதாகச் சேரும். அதைக் கட்டத் தவறினால் தவறிய தவணை மீண்டும் 45 சதவீதப் பள்ளத்தில் விழும். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் முதல் இரண்டு மூன்று மாதம் குறைந்த வட்டி, பிறகு புதிய கார்டின் முழு வட்டி. அதற்குள் அடைக்கத் திட்டம் இல்லாதவர் அந்தப் பக்கம் போகவே கூடாது.

போனில் பேசியதை அன்றே எழுத்தில் போட்டுவிட வேண்டும். வங்கியில் பதிவான மின்னஞ்சலிலிருந்து இவ்வளவு போதும்: "கடைசி நான்கு எண்கள் இவையான என் கார்டின் இந்தத் தேதி பில்லில் மொத்தப் பாக்கி ரூ.____. இதை 24 மாத இஎம்ஐயாக மாற்றித் தர வேண்டுகிறேன். வட்டி விகிதம், பிராசஸிங் கட்டணம், முன்கூட்டி மூடும் கட்டணம், மாற்ற முடியாத பரிவர்த்தனைகள் ஆகியவற்றை எழுத்தில் தெரிவியுங்கள். என் ஒப்புதல் கிடைத்த பிறகே மாற்றவும்." இஎம்ஐ ஆக்கும் முன் அசல், வட்டி, தரும் தள்ளுபடி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்கள் கேட்பது தயவு இல்லை.

வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு என்ற நிலையில் இருப்பவர் தவணை தவறும் முன்பே எழுத வேண்டும். வேலை நீக்கக் கடிதம், மருத்துவமனைச் சுருக்கம், கடைசி மூன்று மாத வங்கி அறிக்கை, மாதம் உறுதியாகக் கட்ட முடிந்த தொகை ஆகிய நான்கும் இணைப்பில் இருக்கட்டும். "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்ற கடிதம் ஒரு மேசையிலும் நிற்காது, "மாதம் ரூ.4,000 என்னால் முடியும்" என்ற கடிதம் நிற்கும். மறுசீரமைப்பு கேட்க உரிமை உண்டு, பெற உரிமை இல்லை.

செட்டில்மென்ட்

90 நாள் தாண்டி வாராக்கடன் ஆனபின், பாக்கியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கும் பேரத்துக்கு வங்கி தானே வரும். அதனால்தான் "மூன்று மாதம் கட்டாமல் விடுங்கள், பாதிக்கு முடித்துத் தருகிறோம்" என்று சில கடன் தீர்வு முகவர்கள் ஆசை காட்டுகிறார்கள். கேட்க இனிக்கும். அந்த மூன்று மாத வட்டி, தாமதக் கட்டணம், அதன்மேல் வரி எல்லாம் சேர்ந்து தள்ளுபடியின் ஒரு பங்கைத் தின்றுவிடும். முகவர் கட்டணம் இன்னொரு பங்கைத் தின்னும். கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். கடன் தகவல் நிறுவனங்கள் இந்த வரலாற்றைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் நெறிமுறைப்படி, சமரசத்தில் முடித்தவருக்கு அதே நிறுவனம் மறுபடி கடன் தரக் குறைந்தது 12 மாதம் காத்திருக்க வேண்டும். கட்ட முடிந்தவருக்கு இது நல்ல வழி இல்லை. உண்மையில் கட்ட முடியாதவருக்கு மட்டும் இது வழி.

அப்படி முடிப்பதென்றால், முகவரின் வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து, கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, கட்டும் தேதிகள், இதுவே முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகம் ஆகியவற்றோடு கடிதம் வர வேண்டும். பணம் கார்டுக் கணக்கில்தான் போக வேண்டும், தனிநபரின் யுபிஐக்கு இல்லை. தவணையில் முடிப்பவர்கள் ஒரு தவணை தவறினாலும் சலுகை முழுதும் ரத்தாகும் என்ற வரி பெரும்பாலும் கடிதத்தின் அடியில் இருக்கும். தவணைக்கு நாச் உத்தரவு (கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) கொடுத்துவிட்டுக் கணக்கில் பணம் வைக்காமல் விட்டால் 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைமைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரலாம். காசோலை திரும்புவதற்கு நிகரான குற்றம் அது. அதே வங்கியில் சம்பளக் கணக்கு இருந்தால், கார்டு ஒப்பந்தத்தைக் காட்டி அந்தப் பணத்தை முடக்கும் வாய்ப்பும் இருக்கிறது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. அழைத்தால் நேரத்தோடு குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

தீர்ப்பு மூடாத கதவு

உச்ச நீதிமன்றம் சொன்னது விகிதத்தைப் பற்றி. அந்த விகிதத்தை எதன்மேல், எந்த நாளிலிருந்து, எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது வேறு விஷயம். அங்கே ரிசர்வ் வங்கியின் விதிகள் கறாரானவை. 2022 ஏப்ரல் 21 தேதியிட்ட கார்டு நெறிமுறைகளிலும் அவற்றின் 2024 மார்ச் திருத்தத்திலும் வந்த விதிகளை வைத்துக்கொண்டு உங்கள் கடைசி ஆறு பில்களைப் படியுங்கள்.

கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலில் ஏற்றி அதற்கு வட்டி போடக் கூடாது. போன மாத ஜிஎஸ்டிக்கு இந்த மாதம் வட்டி ஓடியிருந்தால் அது விதிமீறல். தாமதக் கட்டணம் கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் விழ வேண்டும். அதுவும் மொத்தப் பாக்கியின் மேல் இல்லை, கடைசித் தேதிக்குப் பின் மிச்சமிருக்கும் தொகையின் மேல் மட்டும். ரூ.60,000 பில்லில் ரூ.55,000 கட்டியவருக்கு அறுபதாயிரத்துக்கான படிநிலையில் கட்டணம் போட்டால் கேள்வி கேளுங்கள். திருப்பி அனுப்பிய பொருளுக்கு வந்த பணத்தைக் கழித்துவிட்டே வட்டி கணக்கிட வேண்டும். விகிதம் ஏறியதற்கான அறிவிப்பு வந்த நாளுக்கும் அது பில்லில் ஏறிய நாளுக்கும் இடையே ஒரு மாதம் இருக்கிறதா பாருங்கள். கேட்காத கார்டுக்கோ, கேட்காமல் உயர்வகைக்கு மாற்றிய கார்டுக்கோ பில் வந்தால் தொகையைத் திருப்புவதோடு அதன் இரு மடங்கு அபராதமும் நிறுவனம் தர வேண்டும். பில்லை எதிர்த்துக் கேட்டவருக்கு 30 நாளுக்குள் விளக்கம் வர வேண்டும்.

இந்த வகைப் புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற இணையப் புகார்த் தளத்தில் ஆம்புட்ஸ்மேனிடம் (ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் இல்லை. அங்கே எழுதும் முதல் வரியிலேயே பலர் தோற்கிறார்கள். "வட்டி அநியாயம், குறைக்க உத்தரவிடுங்கள்" என்று எழுதினால், அது நிறுவனத்தின் வணிக முடிவு என்று சொல்லிப் புகார் தள்ளுபடியாகும். திட்டத்திலேயே அந்த விலக்கு இருக்கிறது. "ஆகஸ்ட் 10 பில்லில் ரூ.750 ஜிஎஸ்டி வசூலிக்கப்பட்டது, செப்டம்பர் பில்லில் அந்த 750க்கும் வட்டி போடப்பட்டுள்ளது, கணக்கு இணைப்பில்" என்று எழுதினால் அது சேவைக் குறைபாடு. திரும்பி வருவது சில நூறு ரூபாயாகத்தான் இருக்கும். ஆனால் புகார் நிலுவையில் இருக்கும்போது வங்கியின் உள்ளே கோப்பு வசூல் மேசையிலிருந்து குறைதீர்ப்பு மேசைக்கு நகர வாய்ப்பு உண்டு. இஎம்ஐ விகிதமோ தாமதக் கட்டணத் தள்ளுபடியோ பேச உகந்த மேசை அதுதான்.

பாக்கி தீர்ந்த பிறகு கார்டை மூட நினைப்பவர் இஎம்ஐ ஏதும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தால் மூடும்போது மிச்ச அசலும் முன்கூட்டி மூடும் கட்டணமும் ஒரே பில்லில் வந்து நிற்கும். பாக்கி எதுவும் இல்லாத கார்டை மூடக் கேட்டு ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், மூடும்வரை நாளுக்கு ரூ.500 நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டும். கோரிக்கை அனுப்பிய மின்னஞ்சலை அதுவரை அழிக்காதீர்கள்.